பழைய வலைப்பூ இணைப்புகளைப் பிரித்து எண்ண எந்த வழி?

என்னிடம் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது. தமிழ் வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களில், படித்துப் பிடித்த பதிவுகளின் இணைப்பை வரிக்கு ஒன்றாக ஒட்டிவைத்த கோப்பு. பின்னாளில் நண்பர்கள் சிலரும் தங்கள் சேமிப்பைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது ஒரே பதிவு நாலைந்து உருவத்தில் வந்து நின்றது. மொத்தம் எத்தனை வலைப்பூக்கள், எந்த ஆண்டில் எத்தனை பதிவுகள், எவை இன்னும் திறக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த எழுத்தெல்லாம் அச்சில் வந்ததில்லை. அதை எட்டிப்பிடிக்க மிஞ்சியிருக்கும் ஒரே பிடி இந்த இணைப்புதான். அதனால் இதை அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை.

இணைப்பைப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. நான் நான்கு வழிகளை முயன்று பார்த்தேன். எது எதற்கு ஆகும், எது எங்கே காலை வாரும் என்பதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முகவரிகளையும் நிரல் பெயர்களையும் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு இணைப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

எச்டிடிபி://எடுத்துக்காட்டு.பிளாக்ஸ்பாட்.இன்/2012/05/பிளாக்-போஸ்ட்_12.எச்டிஎம்எல்?எம்=1#சி345

முன்னால் இருப்பது நெறிமுறை. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு தளத்தின் பெயர். அடுத்த சாய்கோட்டிலிருந்து கேள்விக்குறி வரை பாதை. கேள்விக்குறிக்குப் பின்னால் வினவல், # குறிக்குப் பின்னால் துண்டு. இந்தத் துண்டு சர்வருக்குப் போவதே இல்லை. பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று உலாவிக்கு மட்டும் சொல்வது. இங்கே அது ஒரு பின்னூட்டத்தைக் காட்டுகிறது. 'எம்=1' என்பது பதிவை யாரோ கைபேசியில் படித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். பாதையில் இருக்கும் 2012/05, பதிவு அந்த ஆண்டு மே மாதத்தது என்கிறது.

'பிளாக்-போஸ்ட்_12' என்பதைப் பார்த்ததுமே பழைய பதிவர்களுக்கு முகம் மலரும். பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் கூகுளின் பிளாகர் தளம் தலைப்பிலுள்ள ஆங்கில எழுத்துகளை வைத்துத்தான் கோப்புப் பெயரை உண்டாக்கும். முழுத் தமிழ்த் தலைப்பு என்றால் அதற்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்று வைத்து, பெயர் மோதினால் பின்னால் ஏதோ ஒரு எண்ணை ஒட்டிவிடும். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பதிவுகளுக்கு இதே பெயர்தான். ஆகவே தலைப்பை இணைப்பிலிருந்து ஊகிக்க முடியாது. ஆண்டையும் மாதத்தையும் மட்டும் உறுதியாக எடுக்கலாம்.

இனி '.இன்' என்ற கடைசிச் சொல். 2012இல் பிளாகர், படிப்பவர் இருக்கும் நாட்டுக்கேற்ப முகவரியின் வாலை மாற்றத் தொடங்கியது. சென்னையில் படித்தவருக்கு .இன், டொரன்டோவில் படித்தவருக்கு .சிஏ, பாரிஸில் .எஃப்ஆர், லண்டனில் .கோ.யூகே. ஒரே பதிவை நாலு நாட்டுத் தமிழர்கள் நகலெடுத்து ஒட்டினால் நாலு இணைப்பு. என் கோப்பில் நடந்தது இதுதான். 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற டொமைன் வேறு கைக்குப் போனது. அந்த வாலோடு சேமித்த இணைப்புகள் பதிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அதே பதிவு .காம் வாலோடு இன்னும் இருக்கலாம். ஆக, வாலை மாற்றினால் பல பதிவுகள் உயிர்பெறும்.

அப்படியென்றால் தேடி மாற்று என்ற கட்டளையைத் தட்டினால் முடிந்ததே என்று நானும் நினைத்தேன்.

செய்தேன். பாதி நேரம் சரியாக வந்தது. மீதி வரிகளில் என்ன கெட்டது என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலிருந்து எடுத்த இணைப்புகள் என் கோப்பில் நிறைய உண்டு. அவற்றின் பாதையில் 14 இலக்க எண் ஒன்று வரும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று பக்கம் சேமிக்கப்பட்ட நேரம் அது. அதைத் தொடர்ந்து மூல முகவரி முழுசாக வரும். அந்த மூல முகவரி .இன் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருந்தால், அதை .காம் என்று மாற்றுவது இல்லாத கதவைத் தட்டுவதுதான். மாற்ற வேண்டியது தளத்தின் பெயரில் வரும் .இன்னை மட்டும். பாதைக்குள்ளோ வினவலுக்குள்ளோ வருவதைத் தொடக்கூடாது. வெறும் எழுத்துத் தேடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

விரிதாளில் சாய்கோட்டை வைத்து நெடுவரிசைகளாக உடைப்பதும் இதே ரகம்தான். இருநூறு முந்நூறு இணைப்பு, எல்லாம் ஒரே தளத்தினுடையது, கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ரெகெக்ஸ்: ஈர்ப்பும் இடறலும்

அடுத்துப் பெரும்பாலோர் போவது ரெகெக்ஸிடம், அதாவது எழுத்துகளின் அமைப்பை ஓர் அச்சாகக் கொடுத்துத் தேடும் முறையிடம். இதை இகழ்ந்து பேச மாட்டேன். இணைய முகவரிகளின் இலக்கணத்தை வகுத்த ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணமே (2005) தன் பின்னிணைப்பு 'பி'யில் ஒரே வரியில் ஒரு ரெகெக்ஸைக் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்பது அடைப்புத் தொகுதிகள்; 2, 4, 5, 7, 9 ஆகியவற்றை எடுத்தால் நெறிமுறை, தளப் பகுதி, பாதை, வினவல், துண்டு ஐந்தும் கைக்கு வரும். கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளிலேயே ரெகெக்ஸ் இருப்பதால் நிரல் எழுதத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். நீங்கள் ரெகெக்ஸ்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் சொந்தமாக எழுதாதீர்கள், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் எல்லை உண்டு. எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் அது பொருந்திவிடும். இணைப்பே அல்லாத வரியைக் கொடுத்தாலும் மறுக்காது, மொத்தத்தையும் பாதை என்று சொல்லிவிடும். தளப் பகுதியில் போர்ட் எண் (தளப் பெயருக்குப் பின் ':' குறியோடு வரும் எண்) ஒட்டியிருந்தாலும், பயனர் பெயரும் @ குறியும் ஒட்டியிருந்தாலும், அப்படியே அள்ளிக் கொடுக்கும். அவற்றைப் பிரிப்பது நம் பாடு.

தமிழுக்கென்று தனியாக ஒரு இடறல் இருக்கிறது, பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. ரெகெக்ஸில் 'சொல்லெழுத்து' என்று பொருள்படும் சுருக்கக் குறி ஒன்று உண்டு. பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்தது. பைத்தான் நிரல்மொழியோடு வரும் 're' தொகுப்பில், அதாவது 'ஆர்இ'யில், அந்தக் குறி தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக உடைத்துத் தரும். இகரக் கொக்கியையும் புள்ளியையும் தின்றுவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி தமிழ் எழுத்து எதையுமே கண்டுகொள்ளாது. தமிழ் விக்கிப்பீடியா இணைப்புகளின் பாதையை இந்தக் குறியால் பிரித்து, என்னென்ன சொற்கள் வருகின்றன என்று எண்ணினால் கிடைப்பது குப்பை. 'ரெகெக்ஸ்' என்ற பெயரிலேயே பைத்தானுக்கு இருக்கும் வெளித் தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது. இல்லையென்றால் பாதையைச் சாய்கோட்டாலும் இடைக்கோட்டாலும் மட்டும் உடைப்பது பாதுகாப்பு.

மொழியோடு வரும் தொகுப்பு

மூன்றாவது வழிதான் என் கோப்புக்கு முதுகெலும்பாயிற்று. பைத்தானோடு கூடவே வரும் யூஆர்எல்லிப் தொகுப்பின் யூஆர்எல்ஸ்பிளிட். எதையும் தனியாக நிறுவ வேண்டாம். தளப் பெயரைக் கேட்டால் போர்ட்டையும் பயனர் பெயரையும் கழித்து, சிற்றெழுத்தாக்கித் தரும். ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, ஜாவா, கோ எல்லாவற்றிலும் இதற்கு இணையானது உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நெறிமுறை இல்லாமல் வெறும் 'எடுத்துக்காட்டு.பிளாக்ஸ்பாட்.காம்/2009/...' என்று கொடுத்தால் யூஆர்எல்ஸ்பிளிட் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் பாதை என்று வைத்துக்கொள்ளும். தளப் பெயர் வெறுமையாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் யூஆர்எல் வகுப்பு அதே வரியைப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஆயிரக்கணக்கில் இணைப்பு ஓடும்போது, நின்று கத்துவதுதான் எனக்குப் பிடிக்கும். பேசாமல் தவறுவதைக் கண்டுபிடிக்க நாம்தான் வெறுமையான தளப் பெயர்களைத் தனியே வடிகட்டிப் பார்க்க வேண்டும். என் கோப்பில் அப்படி வடிகட்டியபோது, கையால் தட்டிவைத்த பழைய வரிகள் கொத்தாக அகப்பட்டன. அவற்றின் முன்னால் நெறிமுறையைச் சேர்த்தபின் சரியாயிற்று.

வினவலைப் பிரிக்கும் பார்ஸ்-கியூஎஸ் இன்னொரு கவனம் கேட்கும். மதிப்பு இல்லாத பெயர்களை அது தானாகவே விட்டுவிடும். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளச் சொல்லி அமைக்க வேண்டும். 2021 வரை அரைப்புள்ளியையும் பிரிப்பான் என்று எண்ணிக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு '&' மட்டுமே பிரிப்பான். பழைய பைத்தானில் ஒரு விடை, புதியதில் வேறு விடை வந்தால் குழம்ப வேண்டாம்.

வரிசைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதலில் பிரிக்க வேண்டும், பிறகுதான் விழுக்காட்டுக் குறிகளை (தமிழ் எழுத்துக்குப் பதிலாக நிற்கும் '%E0' போன்றவற்றை) அவிழ்த்துத் தமிழாக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் இணைப்பில் கொசகொசவென்று தெரிவதால் முதலில் அதை அவிழ்த்துவிடக் கை துடிக்கும். விக்கிப்பீடியாத் தலைப்பில் கேள்விக்குறி இருந்தால் அது இணைப்பில் விழுக்காட்டுக் குறியோடு மறைந்துதான் இருக்கும். அவிழ்த்துவிட்டால் உண்மையான கேள்விக்குறியாகி, அதற்குப் பின்னுள்ள தலைப்பு வினவலாகிவிடும். ஃபேஸ்புக் வழியாக வந்த இணைப்புகளிலும் இதே கதை. அங்கே உண்மையான முகவரி 'யூ' என்ற வினவலுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வெளி முகவரியைப் பிரித்து, அந்த மதிப்பை எடுத்து, அதை மறுபடி ஒருமுறை பிரிக்க வேண்டும்.

கொசகொசப்பின் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது தமிழுக்குச் செலவு வைக்கும் விஷயம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட், ஆக 15. ஒவ்வொரு பைட்டும் இணைப்பில் விழுக்காட்டுக் குறியோடு 3 இடம் எடுக்கும், ஆக 45. வேர்ட்பிரஸ் தளங்கள் தலைப்பிலிருந்து பாதைப் பெயரை உண்டாக்கும்போது இப்படி விரிந்த நிலையில் 200 இடத்துக்குள் வெட்டிவிடுகின்றன. அதாவது 22 தமிழ்க் குறியீடுகளோடு கதை முடிந்தது. 'மார்கழி மாதத்துக் கோலங்கள்' என்ற தலைப்பு 'மார்கழி-மாதத்துக்-கோலங்க' என்று நின்றுபோகும். கடைசி 'ள்'ளுக்கு இடமில்லை. வேர்ட்பிரஸ் இணைப்புகளின் பாதையிலிருந்து தலைப்பை மீட்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த சொல்லைப் பார்த்து எழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று எண்ணிவிடக்கூடாது.

ஒகரமும் ஒரு தொல்லை. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைட்டுகள் வேறு. எந்தப் பிரிப்பானும் இதைச் சரிசெய்து தராது. எண்ணுவதற்கு முன், இரண்டையும் ஒரே உருவாக்கும் என்எஃப்சி என்ற சீராக்கலைச் செய்ய வேண்டும். ஆனால் திறப்பதற்கு வைத்திருக்கும் இணைப்பில் அதைச் செய்யாதீர்கள். அந்தத் தளம் உடைந்த உருவத்தைத்தான் தன் பெயராக வைத்திருக்கக்கூடும்.

யாருடைய வீடு இது?

யூஆர்எல்ஸ்பிளிட் தளப் பெயரைத் தரும். அதில் எது உரிமையாளரின் பெயர் என்று சொல்லாது. கடைசி இரண்டு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர் ஏராளம். கோ.இன், ஏசி.இன், கவ்.எல்கே, எஸ்சிஎச்.எல்கே என்று வந்ததும் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். இலங்கைப் பள்ளிகள் எல்லாம் 'எஸ்சிஎச்.எல்கே' என்ற ஒரே தளமாகிவிடும்.

இதற்குத்தான் நான்காவது வழி, எந்த வாலுக்கு முன்னால் உரிமையாளரின் பெயர் வரும் என்று சொல்லும், மொசில்லா தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியல். கோ.இன் என்ற மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு தளம் குக்கீ வைத்துவிடாமல் தடுக்க உலாவிகளுக்கு இப்படியொரு பட்டியல் தேவைப்பட்டது. விதியால் கணிக்க முடியாததால் கையால் பராமரிக்கிறார்கள். பைத்தானில் டிஎல்டி-எக்ஸ்ட்ராக்ட் என்ற தொகுப்பு இந்தப் பட்டியலை இறக்கிவைத்துக்கொண்டு, தளப் பெயரைக் கிளை, பெயர், பின்னொட்டு என மூன்றாகப் பிரிக்கும்.

தமிழ் வலைப்பூக்களை எண்ணுபவர் இங்கே ஒரு சுவிட்சை மறக்கவே கூடாது. பட்டியலில் இரண்டு பகுதி: டொமைன் நிர்வாகங்கள் தரும் பின்னொட்டுகள் ஒன்று, தனியார் சேவைகள் தங்கள் பயனர்களுக்குத் தரும் பிளாக்ஸ்பாட்.காம், கிட்ஹப்.ஐஓ போன்றவை மற்றொன்று. டிஎல்டி-எக்ஸ்ட்ராக்ட் இயல்பாக இரண்டாவதைப் பார்க்காது. அப்படியே ஓட்டினால் உங்கள் கோப்பிலுள்ள அத்தனை பதிவர்களும் 'பிளாக்ஸ்பாட்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுவார்கள். கவிதை எழுதியவர், சமையல் எழுதியவர், ஈழத்து நினைவுகளை எழுதியவர் எல்லாரும் ஒருவராகி நிற்கும் அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வலித்தது. தனியார் பகுதியையும் சேர்க்கச் சொல்லும் அமைப்பைத் திறந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்தார்கள்.

பட்டியல் சொல்வதெல்லாம் நம் தேவைக்குப் பொருந்தும் என்றும் இல்லை. என்ஐசி.இன் அதில் பின்னொட்டாக இருப்பதால் அதன்கீழ் வரும் மாவட்டத் தளம் ஒவ்வொன்றும் தனி. டிஎன்.கவ்.இன்னின் கீழ் வரும் துறைகளோ ஒரே தளமாகச் சுருங்கும். துறைவாரியாக எண்ண வேண்டியவர் அங்கே முழுத் தளப் பெயரையே பயன்படுத்த வேண்டும்.

தமிழிலேயே தளப் பெயர் கொண்ட முகவரிகளும் உண்டு; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்று வால்களும் 2010-11இல் ஒப்புதல் பெற்றன. இவை உள்ளே பியூனிகோட் என்ற ஆங்கில எழுத்து உருவில்தான் பயணிக்கும். யூஆர்எல்ஸ்பிளிட் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைக்கும். உலாவி முறைப் பிரிப்பான்கள் பியூனிகோடாக மாற்றித் தரும். கோப்பில் இரண்டு உருவமும் கலந்திருந்தால் ஒரே தளம் இரண்டாக எண்ணப்படும்.

திறந்து பார்க்கப் போகிறீர்களா?

எண்ணுவதோடு நிற்காமல், உயிரோடிருக்கும் இணைப்புகளை நிரல் வழியே திறந்து சோதிக்கப் போகிறீர்கள் என்றால் தேர்வு மாறுகிறது. முகவரிக்கு இன்று இரண்டு இலக்கணம் இருக்கிறது. ஒன்று ஆர்எஃப்சி 3986. மற்றொன்று உலாவிகள் பின்பற்றும் வாட்விஜி தரம். பின்சாய்கோட்டை உலாவிகள் சாய்கோடாகவே எடுத்துக்கொள்ளும். ஆர்எஃப்சி வழியில் போகும் பிரிப்பானுக்கு அது வெறும் எழுத்து. 'தளம்-ஒன்று\@தளம்-இரண்டு' என்று ஒரு முகவரி அமைந்தால் உலாவி முதல் தளத்துக்குப் போகும், ஆர்எஃப்சி வழிப் பிரிப்பான் இரண்டாம் தளத்தைக் காட்டும். பிரித்துச் சரிபார்ப்பவர் ஒருவர், திறப்பவர் வேறொருவர் என்றால் நடுவில் திருடன் நுழைவான். 2017 பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் தைவானைச் சேர்ந்த ஆய்வாளர் ஆரஞ்சு சாய் இந்த ஓட்டையைப் பல மொழிகளின் பிரிப்பான்களிலும் காட்டினார். ஆகவே திறக்கும் நிரல் எந்த இலக்கணத்தில் இருக்கிறதோ அதே இலக்கணத்தில் பிரிக்க வேண்டும். நோட்.ஜேஎஸ் 20இல் இருக்கும் அடா என்ற பிரிப்பான் வாட்விஜி வழியில் போவது. பைத்தானிலும் அதை நிறுவிக்கொள்ளலாம். பிஎச்பி 8.5 இரண்டு இலக்கணத்துக்கும் தனித்தனி வகுப்பே வைத்துவிட்டது.

என் சேமிப்பில் இருப்பவை நம்பிக்கையானவர்கள் ஒட்டிய இணைப்புகள். முதல் வேலை எண்ணுவது. அதனால் யூஆர்எல்ஸ்பிளிட்டை வைத்துப் பிரித்தேன். தளப் பெயர் பிளாக்ஸ்பாட்டின் நாட்டு வால் ஒன்றில் முடிந்தால் மட்டும் அதை .காம் ஆக்கினேன். இதை டிஎல்டி-எக்ஸ்ட்ராக்டுக்கு முன்னால் செய்வது அவசியம், இல்லையென்றால் ஒரே பதிவரின் பதிவுகள் ஓரிடத்தில் சேராது. பிறகு துண்டை விட்டேன். வினவலில் 'எம்', 'ஷோகமென்ட்' இரண்டையும், படிப்பவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் 'எஃப்பிகிளிட்', 'யூடிஎம்' என்று தொடங்கும் பெயர்கள் ஆகியவற்றையும் மட்டும் நீக்கினேன். வினவலை மொத்தமாக வெட்டினால் சுலபம்தான். ஆனால் பழைய மன்றத் தளங்களில் 'ஐடி=' என்பதற்குப் பின்னால் இருக்கும் எண்தான் பதிவின் அடையாளம்; அதை வெட்டினால் மன்றமே ஒரு பதிவாகிவிடும். பாதையில் ஆண்டையும் மாதத்தையும் எடுக்கத்தான் கடைசியாக ரெகெக்ஸ், அதுவும் நான்கு இலக்கம், சாய்கோடு, இரண்டு இலக்கம் என்ற சின்ன அச்சு. ஏற்கெனவே பிரித்துக் கொடுத்த பாதையில் அது தவற இடமில்லை.

வேபேக் இணைப்புகளை மட்டும் தனியே ஒதுக்கினேன். அவற்றின் உள் முகவரியில் கேள்விக்குறி இருந்தால் பிரிப்பான் அதை வெளி முகவரியின் வினவலாகத்தான் எடுத்துக்கொள்ளும். பாதையையும் வினவலையும் மறுபடி சேர்த்து, 14 இலக்கத்துக்குப் பின்னால் இருப்பதை எடுத்து, அதைத் தனி இணைப்பாக மறுபடி பிரிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அட்டவணையின் முதல் நெடுவரிசையில் மூல வரியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். ஒட்டும்போது என்ன இருந்ததோ அப்படியே, .இன்னோடும் 'எம்=1'ஓடும். .காம் என்று மாற்றியும் திறக்காத பதிவுகளைக் காப்பகத்தில் தேடும்போது, அன்று சேமித்தவர் கொடுத்த முகவரியைத்தான் அது கேட்கிறது. சில பதிவுகள் அந்தப் பழைய .இன் முகவரியில்தான் கிடைத்தன.